மொட்டைப் பெட்டிசம்

கிளிபோட் மூன்றாம் முறையும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவராகப் போகிறான் என்று கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. பதினொரு வருடமாக நான் செயலாளர். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் மண்டபம் பிடிப்பதும் நான்தான், கதிரை அடுக்குவதும் நான்தான். ஆனால் அவனுடைய பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் ஊரை நிர்வகித்த உடையாராம். அதைச் சொன்னால் போதும், பக்கத்து நகரம் அஜக்ஸிலிருந்து வருகிற சனமும் எழும்பி நிற்கும்.

அந்த உடையார் உத்தியோகம் கிடைத்த விதத்தை அப்பா சொல்லியிருக்கிறார். உடையார்களை நியமிக்கிற ஏசண்டர் துரையின் பங்களாவுக்கு நத்தார்ப் பண்டிகைக்குப் பண்டிகை வான்கோழி போனதாம். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியதும் அதற்குத்தானாம். ஆதாரத்துக்காக, அந்த நியமனக் கோப்பைச் சுவடிக்கூடத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, கொழும்பில் இருக்கும் பெறாமகள் மயூரியைக் கேட்டிருந்தேன்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. கோப்பு வரும்வரை எனக்குப் பொறுமையில்லை. திங்கட்கிழமையே பெயர் போடாமல் ஒரு கடிதம் தட்டிச் சங்கத்துக்குத் தபாலில் போட்டேன். வான்கோழிக் கதை முழுவதும் அதில் இருந்தது. ‘ஊர் நன்மை கருதி உண்மை விளம்புவது’ என்று தொடங்கியிருந்தேன். அப்பா பெட்டிசம் எழுதினால் அப்படித்தான் தொடங்குவார்.

சனிக்கிழமை மயூரியின் படங்கள் வந்தன. கோப்பில் வான்கோழியைப் பற்றி ஒரேயொரு கடுதாசிதான் இருந்தது. அதுவும் பெயரில்லாத பெட்டிசம். முதல் வரி, ‘ஊர் நன்மை கருதி உண்மை விளம்புவது.’ ஓரத்தில் துரை ஆங்கிலத்தில் குறித்திருந்தார்: ‘எழுத்து வேலாயுதருடையது. இதே பதவிக்கு விண்ணப்பித்துக் கிடைக்காதவர். பொறாமை. கோப்பில் வைக்கவும்.’

வேலாயுதர் என்னுடைய பூட்டன்.

மறுநாள் கூட்டத்தில் கிளிபோட் என் கடிதத்தை என்னிடமே நீட்டினான். வந்த கடிதங்களை வாசிப்பது செயலாளரின் வேலை. வாசித்தேன். வாக்கெடுப்பில் எல்லாக் கையும் அவனுக்கே உயர்ந்தது. என்னுடையதும் உயர்ந்தது.

பிறகு அவன் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான். “உந்தக் கடிதத்தை என்ன செய்யிறது, தவமணி அண்ணை? நீங்கள்தானே எல்லாம் பதியிறனீங்கள்.”

தெரிந்துதான் கேட்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவனுடைய அந்த அமைதியைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது.

பேனையை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் எழுதினேன்: ‘பொறாமை. கோப்பில் வைக்கவும்.’