ஒர்னெல்லாவின் பொய் நட்சத்திரம்

வெள்ளிக்கிழமையோடு பணி ஓய்வு. நினைத்தாலே ஒர்னெல்லாவுக்கு எரிச்சல் வந்தது. இருபது வருஷமாக அவள் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்கு. நம் பால்வீதியில் ஒரு நட்சத்திரம் வெடிக்க வேண்டும். அது கிளப்பும் ஈர்ப்பு அலையை, இத்தாலியின் மரேம்மா வயல்களுக்கு நடுவே கிடக்கும் அவர்களுடைய கருவி பிடிக்க வேண்டும். நீளநீளமாய் இரண்டு குழாய்கள், கோடியில் தொங்கும் கண்ணாடிகள், நடுவே லேசர் ஒளி. அலை கடந்து போனால் கண்ணாடி இம்மி அசையும். ஒரு நொடிதான், அதற்குள் பிடித்தால் உண்டு.

கருந்துளை தேடுகிறவர்களுக்கு வாரத்துக்கு ஒன்று மாட்டியது. இவளுக்கு ஒன்றுமில்லை. "உன் நட்சத்திரம் செத்துச்சா, இல்ல இன்னும் இழுத்துக்கிட்டுக் கெடக்கா?" என்று காப்பி இயந்திரத்தடியில் கேட்பார்கள். சிரித்து வைப்பாள், உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

போவதற்குள், அலையைக் கண்டுபிடிக்கத் தான் எழுதிய கணினி நிரல் சோடை போகாது என்று அந்த வாய்களுக்குக் காட்டிவிட நினைத்தாள். அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடியை வேண்டுமென்றே ஆட்டிப் பொய் அலை ஒன்றை உண்டாக்குவார்கள். நிரல் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை சாப்பாடு முடிந்ததும் கருவியை ஓட்டும் நெரியோவிடம் வந்து நின்றாள்.

"இன்னிக்கு வேணாம் டாக்டரம்மா. அமெரிக்காவுல இருக்கற ரெண்டு கருவியையும் பராமரிப்புக்கு மூடிட்டாங்க, ஜப்பான்காரன் ரிப்பேர்ல இருக்கான். ஒலகத்துலயே இப்ப நம்மது ஒண்ணுதான் ஓடுது. வேலில போற ஓணான எடுத்து மடில விட்டுக்காதீங்க."

"இருபது வருஷமா வெடிக்காதது இந்த அரை மணில வெடிச்சிடப் போகுதாக்கும்! போடுடா."

"பலத்தையாவது கொறைச்சு வைக்கட்டுமா?"

"இன்னும் ஏத்து. செவிடனுக்கும் கேக்கணும்."

இன்றைய பொறுப்பு அவளுடையது என்பதால் நெரியோ விசையைத் தட்டினான். கண்ணாடி தாறுமாறாக ஆடியது, லேசர் பிடி நழுவியது, சுவரில் இருந்த பச்சை விளக்கு சிவப்பானது. கருவி செவிடாகிவிட்டது. ஒளியைத் திரும்ப நிலைக்குக் கொண்டுவர அரை மணியாவது ஆகும்.

"நான்தான் சொன்னேனே" என்று முனகிக்கொண்டே நெரியோ வேலையைத் தொடங்கினான். அவள் காப்பி எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது எச்சரிக்கை மணி அலறிக்கொண்டிருந்தது. திரையில் நியூட்ரினோ என்று எழுத்து. நட்சத்திரம் சாகும்போது அலையோடு கூடவே கிளம்பி வரும் துகள்கள் அவை. அவற்றைப் பிடிக்கிற ஆய்வகங்கள் வேறு.

"பழிக்குப் பழியா? பொய் நட்சத்திரத்துக்குப் பொய் மணியா? நல்ல ஆளுடா நீ!"

நெரியோ சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. "மாதா மேல சத்தியமா நான் எதையும் தொடலை. மூணு ஆய்வகம் ஒரே நேரத்தைச் சொல்லுது, பாருங்க."

பார்த்தாள். அவள் "இன்னும் ஏத்து" என்று சொல்லி நாலு நிமிஷம் கழிந்த நேரம். கோப்பை கையிலிருந்து நழுவி, காப்பி செருப்பெல்லாம் தெறித்தது. குனியத் தோன்றவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் அவளேதான்; யாரை நோவது?

தொலைபேசி அடித்தது. அமெரிக்காவின் லூசியானா ஆய்வகத்திலிருந்து ஒரு பழைய தோழி, அழுகையும் சிரிப்புமாக: "நம்ம பால்வீதிலதாண்டி! நாங்க மூடிட்டோம், பாவிங்க. நீ ஒருத்திதான் முழிச்சிருந்தே. சொல்லு, கேட்டுச்சா?"

நெரியோ ரகசியக் குரலில், "நெலம் அதிர்ந்து பிடி போச்சுன்னு சொல்லிடுங்க. அடிக்கடி நடக்கறதுதானே. நானும் அதையே சொல்றேன்" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியில், "கேக்கலை. நான்தான் அதோட காதைப் பொத்திட்டேன்" என்றாள்.

தொலைபேசியை வைத்தாள்.

நெரியோ தயங்கித் தயங்கி அவள் தோளைத் தொட்டான். "வெளிச்சம் இன்னும் வரலை டாக்டரம்மா. வர சில மணி நேரமாகும். ராத்திரி வெறுங்கண்ணாலயே பாக்கலாம்."

"பாக்கறதுக்கு ஊரே இருக்கு நெரியோ. கேக்கறதுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்."