வாசலில் ஈரச் சப்பாத்து

மாலை வகுப்பில் ஆங்கிலம் கேட்டுப் பழகுவதற்காக, பழைய அமெரிக்க வானொலிப் பொலிஸ் நாடகங்கள் அடங்கிய சீடி ஒன்று தந்தார்கள். அந்த நாடகங்களில் துப்பறிபவர்கள் வீரம் காட்டுவதில்லை. வீடு வீடாகப் போய் மணியடித்து, சலிக்காமல் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை எழுதிவருவதுதான் எங்கள் வீட்டுப்பாடம்.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு வரி எனக்குப் பிடிபடவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டி, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த வரிக்கு முன்னால் ஒரு துப்பாக்கி வெடியும் ஒரு பெண்ணின் அலறலும் வந்தன.

குசினியில் யோசேப்பு மாமா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர். அனுமதியில்லாமல், அவருக்கு ஒதுக்கிய ஹாலே நகரை விட்டு வெளியே வரக்கூடாது. முன்பொருமுறை பிடிபட்டிருக்கிறார்; இன்னொருமுறை என்றால் வழக்கு. அதன்பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. மன்னாரில் பிரிந்த அக்காவை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று, மழையில் நனைந்துகொண்டு நாங்கள் இருக்கும் டோர்ட்மண்டுக்கு வந்திருந்தார். அம்மா இன்னும் வேலையால் வரவில்லை.

"அந்தப் பொம்பிளையை இன்னும் எத்தினை தரம் கொல்லப்போறாய், நடாலி?" என்றார்.

மணி அடித்தது. கதவுத் துளையில் பொலிஸின் பச்சைச் சீருடை தெரிந்தது.

மாமா குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். நான் அவருடைய கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

வயதான பொலிஸ்காரர் ஒருவரும் இளம் பொலிஸ்காரியும் நின்றார்கள்.

"இங்கே ஒரு பெண் பலமுறை அலறியதாக அறிவித்திருக்கிறார்கள். வீட்டில் யார் இருக்கிறீர்கள்?"

நாடகத்தில் வருவதுபோலவே வயதானவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நான் மட்டும்."

நாடகத்தில் பொய்யர்கள் இரண்டாவது கேள்வியில் விழுவார்கள். அது வருவதற்குள் அவர்களை உள்ளே கூட்டிப்போய்ச் சீடியைப் போட்டேன். வெடி. அலறல். பொலிஸ்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். பிறகு, "சத்தத்தைக் குறையுங்கள்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வாசலில் நின்றுவிட்டார். கோப்பையை மறைக்கத் தெரிந்த எனக்குச் சப்பாத்து நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் சப்பாத்தோடு வீட்டுக்குள் வரமாட்டார்கள். மாமாவுடையது கால்மிதியில் இருந்தது. அதைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது.

"யாருடையது?"

"அப்பாவுடையது."

"அப்பா எங்கே?"

"வேலையில்."

"இந்த மழையில், வெறுங்காலோடா?"

அவர் குளியலறைக் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உள்ளே எடுத்துவையுங்கள். படியில் போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள்."

இறங்கிப் போய்விட்டார்கள். கீழே போய்த் தொலைபேசியில் சொல்வாரோ என்று, கார் தெரு முனையைத் தாண்டும்வரை யன்னலோரம் நின்றேன்.

அம்மா வந்து கூப்பிட்டும் மாமா கதவைத் திறக்கவில்லை.

"ஆரது?" என்றார் உள்ளிருந்து. குரலே அவருடையதாக இல்லை.

அம்மா நனைந்த குடையோடு கதவில் நெற்றியை வைத்தாள்.

"டேய் யோசேப்பு, பிறேமாடா. உனக்கு அக்கான்ர குரலும் மறந்துபோச்சே?"

உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. நின்றது. பிறகு மெல்ல விலகியது.