பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தி

"ஏத்தாதே! ஏத்தாதேன்னு சொல்றேன்ல, நிறுத்து!"

காஸ்ட்யூம் அக்கா கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்து அவள் தோளிலேயே இடித்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

சேனலின் இணையப் பிரிவில் ஒரே ஆள்தான் இருந்தான். அவனை எல்லோரும் வட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்புக்காக வைத்த பெயர் இல்லை. அவன் எதைத் தொட்டாலும் திரையில் அந்த லோடிங் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதற்காக வைத்தது.

"என்னக்கா, பேய் துரத்துதா? நம்ம பேய் சீரியல் அடுத்த மாசம்தான் ஆரம்பம்."

"நேத்து எபிசோடு... நெட்ல போட்டுட்டியா?"

"போயிட்டே இருக்கு. முக்கால்வாசி ஏறிடுச்சு. முடிஞ்சதும் தானா வெளியே வந்துடும். இலவசமா பார்க்கறவங்களுக்குத்தான் அவசரமே அதிகம். இப்பவே கமெண்ட்ல திட்ட ஆரம்பிச்சாச்சு."

திரையில் நீலக்கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

சற்று முன்புதான் எடிட்டிங் அறையில், மறுநாள் படப்பிடிப்புக்கு நாயகியின் உடையைச் சரிபார்க்க அந்த எபிசோடை ஓட்டிப் பார்த்தாள். டிவியில் ஒளிபரப்பானபோது திரையின் கீழே விளம்பரப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. இணையத்தில் போகும் பிரதியில் அந்தப் பட்டை கிடையாது. பஸ் நிலையக் காட்சியில், பட்டை மறைத்திருந்த இடத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சின் ஓரத்தில், கேமராவை நேருக்கு நேர் பார்த்தபடி, அவளுடைய தங்கை!

புருஷனின் அடிக்குப் பயந்து, பெற்ற பெண்ணைக்கூட எடுத்துக்கொண்டு வர முடியாமல் தப்பி வந்தவள். முதலில் ஒளிந்திருந்த வீட்டுக் கதவை அவன் உடைத்தான். 'கையில கிடைச்சா உயிரோட விடமாட்டேன்' என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனான். ஊர் மாறி, அக்காவின் நிழலில், செட்டில் துணி தேய்த்துக் கொடுத்துக்கொண்டு ஒளிந்திருக்கிறாள். அந்த முகம் வெளியே வந்தால், எந்த சீரியல், எங்கே படப்பிடிப்பு என்று அவன் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

உண்மையைச் சொல்ல முடியாது. இந்த அலுவலகத்தில் ஒரு காதில் போட்டால் காபி ஆறுவதற்குள் வாசல் காவலாளிவரை போய்விடும்.

"செருப்பு மாறிப்போச்சு" என்றாள்.

"எது?"

"ஹீரோயின் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கறுப்புச் செருப்பு. பஸ் ஸ்டாண்டுல வேற செருப்பு. என் தப்பு. டிவியில பட்டை மறைச்சிடுச்சு. இங்க நிறுத்தி நிறுத்திப் பார்த்து மானத்தை வாங்கிடுவாங்க."

வட்டம் ஏற்றுவதை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைத் திரையில் கொண்டுவந்தான். மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தான். செருப்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் தங்கையின் முகம்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேக்கா இருக்கு?"

"வார் வேற. உனக்குத் தெரியாது."

"இந்த பெஞ்சுல இருக்கற அம்மா யாரு? ஹீரோயினை விட்டுட்டு நம்மளையே முறைக்குது."

"கூட்டத்துக்கு வந்த யாரோ. நீ செருப்பைப் பாரு!"

அவன் நிமிர்ந்தான். "மேனேஜர் மேடம் சொல்லாம நான் கை வைக்க மாட்டேன். போன தடவையே காது கிழிஞ்சுடுச்சு."

போனை ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தைக் கேட்ட மறுநொடி மேனேஜரின் குரல் அறையை நிறைத்தது.

"செருப்புக்காக எபிசோடை நிறுத்தினியா? அறிவிருக்கா உனக்கு?"

"மேடம், அக்காதான்..."

"மேடம், நான் பேசறேன்" என்று அவள் போனைப் பிடுங்கினாள். "என் தப்புதான். அந்த ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கி, கீழ்ப்பக்கத்தை வெட்டிட்டா போதும்."

"உன் தப்புக்கு நான் லேட் பண்ணணுமா? சரி, வெட்டித் தொலைங்க. ஆனா ஒண்ணு. கவனம் இல்லாதவங்க எனக்கு வேணாம். இந்த ஷெட்யூலோட நீ நின்னுக்கோ."

வட்டம் தலையைக் குனிந்துகொண்டான். அவள் திரையில் இருந்த பெஞ்சையே பார்த்தாள்.

"சரிங்க மேடம்."

காட்சி பெரிதானது. பெஞ்சு கீழே இறங்கி இறங்கித் திரையை விட்டு மறைந்தது. திரையில் லோடிங் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் நீலக்கோடு முழுதாக நிறைந்தது.

"போயிடுச்சுக்கா. ஒரு செருப்புக்காக வேலையை விட்ட ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

அவள் மாடிப்படிக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே தங்கை எடுத்தாள்.

"அக்கா, எபிசோடு இப்பத்தான் வந்துச்சு. நேரா அந்த பஸ் ஸ்டாண்டு சீனுக்கு ஓட்டிப் பார்த்தேன், என்னைக் காணோமே?"

"காணோமா? நான்தான்டி வெட்டச் சொன்னேன்! தெரியாம கேமரால மாட்டிட்டியேன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடினேன்."



"தெரியாம இல்லக்கா. கூட்டத்துக்கு ஆள் குறையுதுன்னாங்க. கேமரா எங்க இருக்குன்னு கேட்டுட்டுத்தான் உட்கார்ந்தேன். டிவியில பட்டை மறைச்சிடுச்சு. சரி, இதுல தெரியும்னு காத்திருந்தேன்."

"பைத்தியமா உனக்கு? அவன் பார்த்தா?"

"அவன் எங்க சீரியல் பார்க்கறான்? என் பாப்பா பார்ப்பா. அங்க பக்கத்து வீட்டு டீச்சர் போன்ல தினமும் இதைத்தான் பார்க்கறாளாம். காசில்லாம வருதேன்னு அவங்களும் கொடுக்கறாங்க. டீச்சரே சொன்னாங்க."

"டீச்சர்கிட்ட பேசினியா? எனக்குத் தெரியாமலா?"

"நீ திட்டுவேன்னுதான் சொல்லல."

"அவ்வளவு தூரம் போனவ, பாப்பாகிட்டயே பேசித் தொலைச்சிருக்கலாமே! எதுக்குடி இந்த விளையாட்டு?"

"பேசினேன்க்கா. அம்மா பேசறேன்னு சொன்னதும் வீல்னு கத்திட்டு போனைக் கீழே போட்டுட்டா. முகத்தைப் பார்த்தாலாவது நம்புவான்னு நினைச்சேன். நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கான் அவகிட்ட."