மிச்சம் பிடித்த தண்ணீர்

எனக்கு வாய் நீளம். அதைச் சகித்துக்கொண்டவள் என் மனைவி ஒருத்திதான்.

நான் சர்வர் கட்டடத்தில் குளிரூட்டும் மெக்கானிக். ஊர் உலகம் இணையத்தில் ஏற்றும் படமும் பேச்சும் அங்கே அலமாரி அலமாரியாக நிற்கும் இயந்திரங்களில்தான் இருக்கின்றன. அவற்றின் சூட்டைத் தணிக்கவே தினமும் நூறு லாரித் தண்ணீர் ஆவியாகிப் போகும். கட்டடம் வந்த இரண்டாம் வருடமே எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. என்னைக் கண்டால், "ஆத்தையே குடிச்சவரு வர்றாரு, வழி விடுங்கப்பா" என்பார்கள். நானும் சிரித்து மழுப்புவேன்.

எங்கள் மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் குரல் மிஞ்சியது ஒரே ஒரு வீடியோவில். பதினான்கு விநாடி. காலி வாளிக்குள் தலையை விட்டு, "அம்மா, நான் பேசினா வாளி பேசுது!" என்று சிரிப்பாள். போன் உடைந்தபிறகு அது எங்கள் கட்டடத்து இயந்திரங்களில் உள்ள ஓர் இணையக் கணக்கில் மட்டும்தான் இருந்தது. அந்தக் கணக்கில் வேறெதுவும் கிடையாது. மனைவி ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது போடுவாள்.

சமையலறையிலிருந்து அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஒரு நாள் கத்தினேன்.

"நீ ஒவ்வொரு தடவை போடும்போதும் அங்க தண்ணி செலவாகுது, தெரியுமா? தெருவே குடத்தைத் தூக்கிட்டு அலையுது!"

அதற்கு ஒரு சொட்டுகூட ஆகாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்படியா? சரிங்க, இனிமே போடல," என்றாள். நான் சொன்னால் நம்புகிறவள். வீடு அமைதியானது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு வருடம் போனது. தண்ணீர்ச் செலவைக் குறைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு நெருக்கடி. இரண்டு வருடமாக யாரும் திறக்காத கணக்குகளை அழித்தார்கள். எச்சரிக்கைக் கடிதத்தையும் அந்தக் கணக்குகளுக்கே அனுப்பினார்கள். திறக்காதவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். காலியான பதினோரு அலமாரிகளுக்குப் போகும் குழாய்களை என் கையாலேயே மூடினேன். மூன்றே வாரத்தில் அதே இடத்தில் இன்னும் அதிகம் சூடாகும் புது இயந்திரங்கள் வந்து உட்கார்ந்தன. குழாய்களை நானே திறந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் பிறந்தநாள். மனைவி போனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா? இத்தனை நாளா மிச்சம் பிடிச்சிருக்கேன்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவள் கணக்கின் பெயரை அடித்துவிட்டாள். அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது திரை. தப்பாக அடித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீங்க பாருங்களேன். உங்க கட்டடந்தானே."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சேர்த்து.

"அப்போ தண்ணிகூட மிச்சமாகலையா?" என்றாள்.

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய்க் குளியலறையிலிருந்து அந்த வாளியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"வாளி பேசுதுன்னு அவ எப்படிங்க சொல்லுவா? எனக்கு மறந்துட்டே வருது. ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

வாயைத் திறந்தேன். எனக்கும் அந்தக் குரல் ஞாபகம் வரவில்லை.