ட்வென்ட்டி ஃபார்ட்டி

"இதுவும் இல்லியாம்" என்று ஆயில் ஃபில்டரை மேசைமேல் வைத்தாள் பவானி. வைத்த வேகத்தில் அது உருண்டது. கடைக்காரன் ஃபவாஸ் கையை நீட்டித் தடுக்காவிட்டால் தரையில் விழுந்திருக்கும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் காலையில் அவள் வருவது இது மூன்றாவது தடவை. முதலில் வாங்கிப்போன ஃபில்டரின் மரை சேரவில்லை. அடுத்ததில் ரப்பர் வளையம் சிறிதாம். ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்க வேண்டிய நேரம்.

"பழைய ஃபில்டர எட்தாந்திருந்தா ஒரே வாட்டில முடிஞ்சிருக்கும்கா."

"கேட்டேன். அதுலேந்து ஆயிலு வழியுது, ஸ்கூட்டி நாசமாப் பூடும்னாரு. என் பெட்ரோலு நாசமாப் போனா பரவால்ல அந்தாளுக்கு."

அந்தாள் என்றால் அவள் கணவர் கருணாகரன். மணலியில் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். போன வருஷம் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கியதிலிருந்து வீட்டில் மெக்கானிக் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பிரேக் கட்டை, வைப்பர், ஹாரன், எல்லாம் போனில் வீடியோ பார்த்து அவரே செய்வார். செய்த பிறகு நாலு நாள் அதைப் பற்றியே பேசுவார். இன்று ஆயில் மாற்றுகிறார்.

ஃபவாஸ் உள்ளே போய்ப் பெரிய வளையம் வைத்த ஃபில்டரைத் தேடி எடுத்துவந்தான். கூடவே ஒரு ஆயில் கேன். அவள் கேனைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். 15W-40 என்று போட்டிருந்தது. அவளுக்கே எரிச்சலாக இருந்தது, இதையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டோமே என்று. போன் போட்டாள்.

"யோவ், நீ கேட்ட நம்பரு இல்லியாம். ஃபிஃப்டீன் ஃபார்ட்டிதான் கீதாம்."

"வாங்காத" என்றார். வண்டிக்கு அடியில் படுத்திருந்ததால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "அது டீசல் வண்டிக்கு ஊத்தறது. ட்வென்ட்டி ஃபார்ட்டி கேளு."

ஃபவாஸுக்கும் கேட்டிருக்க வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான்கா. முன்னாடி நம்பரு குளிருக்கு. நம்மூர்ல எங்க கீது குளிரு?"

"கேட்டியா? ரெண்டும் ஒண்ணுதானாம்."

"அவன் அப்படித்தான் சொல்வான். நீ ட்வென்ட்டி ஃபார்ட்டி கேளு பவானி. அத்தக் கேட்டு வாங்கு."

"நீயே வந்து வாங்கிக்கயேன்!"

"எப்படி வர்றது? இருந்த ஆயில இறக்கிட்டேனே."

அவள் போனை வைத்தாள். ஃபவாஸ் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அடுக்கில் தூசிக்குப் பின்னாலிருந்து ஒரு கேனை இழுத்தான். ட்வென்ட்டி ஃபார்ட்டி. அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவர்தான். இன்னும் என்ன மிச்சம் வைத்திருக்கிறார் என்று கட் பண்ணினாள்.

மறுபடி அடித்தது. இந்தத் தடவை பக்கத்து வீட்டு ஜெரினா.

"பவானி, ஜல்தி வா. அண்ணன் ஒரு மாரி கீறாரு."

பையும் கேனும் ஃபில்டரும் கடையிலேயே கிடந்தன.

சந்துக்குள் அவள் நுழைந்தபோது வேனின் முன்சக்கரங்கள் செங்கல் அடுக்கின்மேல் நின்றன. பக்கத்தில் கோணி விரித்துக் கருணாகரனை உட்கார வைத்திருந்தார்கள். மார்பில் கை. சட்டையெல்லாம் வேர்வை. அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது. அவள் தம்பி விமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வேனுக்குள் தாவி ஏறினான். ஏறின பிறகுதான் கீழே தட்டு நிறையக் கறுப்பாய் ஆயில் கிடப்பதைப் பார்த்தான். ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டு ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினான்.

ஆட்டோ வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வண்டியாகவே தெரியவில்லை. பவானியின் மடியில் அவர் தலை கனத்துக்கொண்டு வந்தது. "தோ ஆச்சு, தோ ஆச்சு" என்றாள், அவரிடமா ரயிலிடமா என்று தெரியாமல்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மூச்சு இருந்தது. உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் பெண் வெளியே வந்து, "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த டெம்போ சந்துக்குள் வர முடியவில்லை. வேன் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் வேனைப் பார்த்தார்கள், அப்புறம் பவானியைப் பார்த்தார்கள். "வண்டி இருந்துமா ஆட்டோவுல இட்னு போனீங்க?" என்று ஒருவர் கேட்டார். பிறகு இன்னொருவர் கேட்டார். விமல் ஒவ்வொருவரிடமும் விளக்கினான். பவானிக்கு அந்த விளக்கத்தைக் கேட்கக் கேட்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

தெருக்கோடி ஷேர் ஆட்டோக்காரர் ஒரு கேனோடு வந்தார். "எங்கிட்ட ஃபிஃப்டீன் ஃபார்ட்டி கீது. பழைய ஃபில்டரயே மாட்டி, இத்த ஊத்தி ஸ்டார்ட் பண்ணி எட்துடலாம்."

"அத்த ஊத்தக் கூடாது" என்றாள் பவானி.

வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவள் அவர் கால்மாட்டிலிருந்து எழுந்தே வந்துவிட்டிருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மே."

"அத்த ஊத்தக் கூடாதுன்றேன் இல்ல? தட்ட அப்பால நவுத்திட்டு, தள்ளிக்கினு போங்க."

ஆறு பேர் சேர்ந்து தள்ளினார்கள். செங்கல்லிலிருந்து சக்கரம் தடாலென்று இறங்கியது.

எண்ணூரிலிருந்து அவருடைய அக்கா சிவந்தி வந்து சேர்ந்தாள். பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்து அழுதாள். ஓய்ந்ததும் பவானியின் கையைப் பிடித்தாள்.

"கடசியா இன்னா சொன்னான்? நீதான பேசின?"

பவானி மற்றக் கையால் கண்ணாடிமேல் இருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"சொல்லு பவானி. என் தம்பி கடசியா இன்னா பேசினான்? என்னக் கேட்டானா?"

"ஆயிலப் பத்திப் பேசினாரு அண்ணி."

"இன்னா?"

"ட்வென்ட்டி ஃபார்ட்டி கேளுன்னாரு."

சிவந்தி கையை உதறினாள். "பொணத்த வெச்சிகினு கிண்டல் பண்றியா நீ?" சுற்றியிருந்த பெண்கள் பவானியை ஒரு மாதிரி பார்த்தார்கள். உண்மையைச் சொன்னதற்கு இது. அவளுக்கு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எந்தக் கதவு? வீடு முழுக்க ஜனம்.

"அம்முவப் பாத்துக்கோன்னாரு" என்று கடைசியில் மகள் பேரைச் சொன்னாள். "அக்காவ வுட்டுடாதன்னாரு."

அவ்வளவுதான். சிவந்தி மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள். "அம்முவப் பாத்துக்கோன்னியாமே என் ராசா! அக்காவ வுட்டுடாதன்னியாமே!" என்று அவள் எடுத்துக்கொடுக்க, மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சாவு மேளத்துக்கு நடுவிலும் அது தெருவரைக்கும் கேட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு வாசலிலேயே அதைச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். அவர் சொல்லாத வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே அழுதது. பவானிக்கு மட்டும் கண்ணில் ஒன்றும் வரவில்லை.

வெயில் தாழ்ந்தபோது ஆண்கள் மூலகொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். பவானி வெளியே வந்தாள். சுவரோரம் நகர்த்தி வைத்த தட்டு அப்படியே இருந்தது. யாராவது காலால் தட்டிவிடுவார்கள். உட்கார்ந்து, ஒரு காலி டப்பாவை இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, தட்டைச் சாய்த்தாள். பாதிக்கு மேல் அவள் கையில்தான் வழிந்தது.

அம்மு வந்து பக்கத்தில் குந்தினாள். அண்ணா நகரில் துணிக்கடையில் வேலை செய்கிறவள். காலையில் ஷிப்டுக்குப் போனவள் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். கடைப் புடவை இன்னும் மாற்றவில்லை.

"ம்மா. அப்பா நெஜமாவே அப்படிச் சொல்லிச்சா? என்னப் பாத்துக்கன்னு?"

டப்பாவின் மூடியைத் திருகினாள் பவானி. வழுக்கியது. மறுபடி திருகினாள்.

"இல்ல."

"அப்ப அத்தைகிட்ட மொதல்ல சொன்னது?"

"அதான் நெஜம். அத்தக் கேட்டு வாங்குன்னு கத்துனாரு. நீயே வந்து வாங்கிக்கன்னு நானும் கத்தினேன்."

அம்முவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று பவானி பார்த்தாள். சிரிப்புதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்திய கைக்குள்ளேயே அது வேறாக மாறியது. பவானி தன் கறுப்புக் கைகளை மகள்மேல் படாமல் தூக்கிப் பிடித்தபடி, தோளால் அவளை இடித்துச் சேர்த்துக்கொண்டாள்.

"அப்புறம் ஒரு வாட்டி போன் பண்ணாரு" என்றாள். "எதுக்குன்னு தெர்ல. நான் எடுக்கல."

அம்மு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்துபோய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்புத் தூளும் கொண்டுவந்தாள். தூளை அம்மாவின் உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்தாள். நுரை கறுப்பாக வந்தது. தண்ணீரை ஊற்றினால் கையில் நிற்காமல் முத்து முத்தாக வழிந்து போயிற்று.

"போவாது, வுடு" என்றாள் பவானி.

அம்மு இன்னும் கொஞ்சம் தூளைக் கொட்டி, அடுத்த விரலைப் பிடித்தாள்.