கடைசிக் கூடை போனால்தான் குளியல்

கமலவேணியின் பொறுமைக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று விலை பேசி முடித்திருந்தார்கள். தீபாவளிப் புடவை தனி. மூவாயிரம் கேட்டுப் பார்த்தாள், படியவில்லை. "சர்டிபிகேட் வாங்கிட்டு வா, அப்புறம் பேசிக்கலாம்" என்று கத்தரித்துவிட்டாள் வீட்டுக்காரி அஞ்சலாட்சி.

அந்தச் சர்டிபிகேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார் ராஜாங்கம், கமலவேணி பார்த்துக்கொள்ள வேண்டிய பெரியவர், அஞ்சலாட்சியின் அப்பா. முப்பது வருஷம் மீன் ஏலம் விட்டவர். அவர் குரல் எழும்பினால் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காக்காய்கூட வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். இரண்டு வருஷமாக மறதி நோய். பெற்ற மகளின் பெயர் தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடும். ஏலம் மட்டும் போகவில்லை. குளித்து எட்டு நாளாகியிருந்தது.

மறுநாள் செய்முறைத் தேர்வு. முதலியார்பேட்டையில் மூன்று மாதம் பராமரிப்பு வகுப்பு எடுத்த நிர்மலா சிஸ்டர் நேரில் வருவார். பெரியவரை அதட்டாமல், இழுக்காமல், அரை மணிக்குள் குளிக்க வைக்க வேண்டும். தவறினால் சர்டிபிகேட் இல்லை; ஒன்றாம் தேதியிலிருந்து வேலையும் இல்லை. சேதராப்பட்டு சோப்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தவள் கமலவேணி.

"ஆறு வருஷம் லட்ச லட்சமா சோப்பு அடுக்குனேன். ஒத்த ஆளுக்கு ஒரு சோப்பு போட வழியில்ல" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

குளிக்கக் கூப்பிட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "சரக்கு இன்னும் போவல. கடைசி கூடை போனாத்தான் குளியலு."

"அது வீம்பு இல்ல கமலா" என்றாள் அஞ்சலாட்சி. "எங்கம்மா போட்ட சட்டம். ஏலம் முடியறதுக்கு முன்னால குளிச்சா மறுபடி நாறுவாரு. குளிக்காம வந்தா வாசப்படி ஏற முடியாது."

எதிர்த்துப் பேசாதே, அவர்கள் உலகத்துக்குள் நீ போ என்பது சிஸ்டரின் முதல் பாடம். அன்று சாயங்காலமே கமலவேணி போனாள். காலியான சிவப்புத் தொட்டியை மீன் கூடை மாதிரி அவர் முன்னால் வைத்தாள்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "வஞ்சிரம்! நானூறு!"

"நான் எடுத்துக்கறேன் பெரியவரே!"

மலர்ந்த முகம் சுருங்கியது. "கேட்ட வெலைக்கு எடுத்துக்கறியா? யாரு நீ? ஒத்த ஆளு கேட்டா அதுக்குப் பேரு ஏலமா? ராஜாங்கம் நாறுன மீன தலையில கட்டிட்டான்னு ஊரே பேசும்!" தொட்டியைத் துண்டால் மூடி, பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துவிட்டார்.

கமலவேணிக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு கட்டு கீரைக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவள், கருணை என்று நினைத்துக்கொண்டு ஒரு வியாபாரியைக் கேவலப்படுத்தியிருக்கிறாள்.

மறுநாள் நிர்மலா சிஸ்டர் வெள்ளைப் புடவையும் கைக்கடிகாரமும் பேனாவுமாக வந்து, ஓரமாக நாற்காலியில் அமர்ந்தார்.

"சிஸ்டர், பேனாவ வச்சுட்டு முன்னால வாங்க. வெல கேக்கணும்."

"எதுக்கும்மா?"

"வஞ்சிரத்துக்கு."

"நான் சைவம்மா."

"மீனும் இல்ல சிஸ்டர். தைரியமா கேளுங்க."

ஏலம் முந்நூறில் தொடங்கியது. கமலவேணி பத்து ஏற்றினாள். சிஸ்டர் கூச்சத்தோடு ஐந்து ஏற்றினார்.

"வெள்ளப்பொடவ முந்நூத்திப் பதினஞ்சு!" என்று பெரியவர் முழங்கியதில் தெருநாய் எழுந்து நின்றது.

கமலவேணி உதட்டைச் சுழித்தாள். "கண்ணு வெளுத்திருக்கே பெரியவரே. ஐஸ் மீனா?"

"ஐஸ் மீனா? செவுளப் பாருடி, செம்பருத்திப்பூ!" காலித் தொட்டிக்குள் கைவிட்டு இல்லாத செவுளைத் திறந்து காட்டினார். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

பார்த்த பிறகு அவர் அடங்கவில்லை. நானூறு என்றார். கமலவேணி நானூற்றி ஐம்பது என்றதும் முந்தானையைச் செருகிக்கொண்டு, "நானூத்தி எண்பது!" என்றார். கமலவேணி வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" தொட்டியில் ஓங்கித் தட்டிவிட்டுப் பெரியவர் கையை நீட்டினார். "காசு."

சிஸ்டரின் பாடத்தில் இதற்கு விதி இல்லை. பர்ஸைத் துழாவி நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தார். "மீதி நாளைக்கு வாங்கிக்குங்க ஐயா."

பெரியவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இடுப்பில் செருகினார். துண்டு தோளுக்கு ஏறியது. "சுடுதண்ணி வச்சாச்சா? கடைசி கூடையும் போயிடிச்சி."

குளித்துத் துவட்டி முடித்தபோது மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். அஞ்சலாட்சி இரண்டாயிரத்து எண்ணூறுக்கு இறங்கி வந்தாள்.

மறுநாள் காலை காபி கொண்டுவந்த மகளை நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா நீ?" என்றார் பெரியவர். அவள் காபியை ஆற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த வெள்ளப்பொடவ மீதி முந்நூத்தி எண்பது குடுத்தாளா?" என்றார்.

கமலவேணி ஓடிப்போய் சிஸ்டருக்குப் போன் போட்டாள். "சிஸ்டர், உங்க கால்ல விழறேன், அந்தப் பாக்கிய மட்டும் தீத்துடாதீங்க. வாராவாரம் வந்து ஏதாச்சும் சாக்கு சொல்லிட்டுப் போங்க. மனுசன் ஒருத்தர ஞாபகம் வச்சிருக்காரு."

பிறகு சுவர்க் காலண்டரில் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினாள்: வஞ்சிரம், கூடை ஒன்று, நானூற்றி எண்பது. வரவு நூறு. வெள்ளைப்புடவை பாக்கி முந்நூற்றி எண்பது. அடியில் தன் கணக்குக்கு ஒரு வரி சேர்த்தாள்: குளியல், ஒன்று.