காரணம்: பஞ்சுக்குச்சி

டாக்டர் கேள்வியை மருமகளிடம்தான் கேட்டார். பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

"பஞ்சுக்குச்சி டாக்டர். குளிச்சுட்டு வந்து குடைஞ்சிருக்கா. எத்தனை தடவை சொல்லியாச்சு, கேட்டாத்தானே."

செவிப்பறையில் ஓட்டை விழுந்தவளைப் பார்த்து 'கேட்டாத்தானே' என்று சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். மாமியாருக்கு அது தாராளமாக இருந்தது. மகனுக்கு அவ்வளவு இல்லை. அவன் சுவரில் மாட்டியிருந்த மூக்கின் குறுக்குவெட்டுப் படத்தை, நாளைக்குப் பரீட்சை என்பதுபோல் படித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. காது, மூக்கு, தொண்டை அறுவை சிகிச்சையில் முப்பது வருடம். ஏதோ ஒரு சங்கம் அவருக்கு 'செவிச் செம்மல்' என்று பட்டம் கொடுத்திருந்தது. அன்றிலிருந்து பெயர்ப்பலகையில் படிப்பு ஒரு வரி, செம்மல் இரண்டு வரி.

செம்மல் காதுக்குள் கேமராக் குழாயை விட்டார். இடது செவிப்பறை திரையில் வந்தது. நடுவில், ஓரமெல்லாம் பிசிறுபிசிறாகக் கிழிந்த ஓட்டை. குச்சி குத்தினால் எப்படி இருக்கும், உள்ளங்கை விழுந்து காற்று அறைந்தால் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குப் படம் போட்டுப் பாடம் எடுப்பவர் அவர். சுற்றிலும் பழைய தழும்பு வேறு. இரண்டு முறை கிழிந்து, தானாக ஆறி, மூன்றாம் முறை ஆற மறுத்துவிட்ட காது. செம்மலுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த நொடி, 'காரணம்' என்ற இடத்தில் பஞ்சுக்குச்சி என்று எழுதினார்.

அது அவருக்குக் கைப்பழக்கம். அவருடைய கோப்புகளை நம்பினால், அந்த ஊர்ப் பஞ்சுக்குச்சிகள் கல்யாணமான பெண்களைத்தான் தேடிப்பிடித்துக் குத்துகின்றன. அதுவும் பெரும்பாலும் இடது காதில். நம் வேலை ஓட்டையை அடைப்பது, போட்டவனைத் தேடுவதில்லை என்று ஜூனியர்களிடம் சொல்வார். அவர்களும் அதைத் தத்துவம் என்று நினைத்துக் குறித்துக்கொள்வார்கள்.

காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையில் ஒட்ட வேண்டும், விட்டால் மிச்சமிருக்கும் கேட்கும் சக்தியும் போய்விடும் என்றார். எத்தனை நாளில் சமையலறைக்குத் திரும்பலாம் என்று மாமியார் விசாரித்தாள். மகன் மூக்கை முடித்துவிட்டுத் தொண்டைப் படத்துக்கு நகர்ந்திருந்தான். மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மறுபடி கிழியுமா டாக்டர்?"

"ஜாக்கிரதையா இருந்தா கிழியாதும்மா."

"யாரு ஜாக்கிரதையா இருக்கணும்?"

செம்மல் அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு பெரியவரின் கெட்ட காதை விட்டுவிட்டு நல்ல காதைத் திறந்துவிட்டிருந்தார். அந்த அவமானத்தை மூடி மெழுகப் பிறந்தது ஒரு புது விதி. மேஜையில் படுத்திருக்கும் நோயாளியே எந்தக் காது, என்ன ஆச்சு என்று தன் வாயால் சொல்ல வேண்டும். நர்ஸ் அதை அப்படியே பதிவேட்டில் எழுதி, உரக்கப் படிக்க வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். இதை அவர் மாநாடு மாநாடாகப் போய்த் தன் கண்டுபிடிப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை அன்று மருமகள் மேஜையில் படுத்திருந்தாள். காதை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசிதான், நினைவு போகாது. மாமியார் கதவுக்கு அந்தப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லக்கூடிய முதல் அறை அது.

"எந்தக் காதும்மா?" என்றாள் தலைமை நர்ஸ்.

"இடது."

"என்ன ஆச்சு?"

"பஞ்சு..." என்று செம்மல் எடுத்துக் கொடுத்தார்.

"வீட்டுக்காரர் அறைஞ்சார். மூணாவது தடவை."

கையுறைக்குப் போன செம்மலின் கை நின்றது. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? மனசை அமைதியா வச்சுக்கோ."

"கேட்டீங்க, சொன்னேன். பொய்தான் வேணும்னா எங்க அத்தையவே படுக்க வச்சிருக்கலாமே."

நர்ஸ் எழுதி முடித்திருந்தாள். பல வருடமாகப் பஞ்சுக்குச்சி என்றே எழுதி அலுத்த கை. எழுத்து அன்றைக்கு அச்சு மாதிரி விழுந்திருந்தது. "கணவர் அறைந்ததால் கிழிந்தது, மூன்றாம் முறை. சரியாம்மா?"

"சரி."

பதிவேடு செம்மலிடம் நீண்டது. கொஞ்சம் பார்த்து எழுதக்கூடாதா என்று முனகினார்.

"நோயாளி சொன்னதுல ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் மேடையில பேசினீங்க."

செம்மல் கையெழுத்துப் போட்டார். வழக்கமாக அரைப் பக்கம் ஓடும் கையெழுத்து அன்று எறும்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதன்பின் ஓட்டையை மிக நேர்த்தியாக அடைத்தார்; அதில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்பும் காகிதம் வந்தது. பதிவேட்டில் இருந்ததை நர்ஸ் அப்படியே இறக்கியிருந்தாள். அழைத்துப்போகிறவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மகனிடம் நீட்டினாள். அவன் நாலாவது வரியில் நின்றுவிட்டான். பேனா மூடி கழற்றாமலே இருந்தது.

"என்னடா எழுதியிருக்கு? நான் கண்ணாடி கொண்டு வரல. சத்தமாப் படி," என்றாள் மாமியார்.

நடைபாதை பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த செம்மலுக்கு எதிர்த் திசையில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

தலையைச் சுற்றிக் கட்டோடு நின்ற மருமகள் மெதுவாகத் திரும்பி, வலது காதைக் கணவன் பக்கம் கொடுத்தாள்.

"படிங்க," என்றாள்.